கருத்தரங்குக்கு வரலாம், விருந்துக்கு வரக்கூடாது: அமெரிக்கக் கணிதத்தில் கறுப்பினத்தவர்

எம்.எஸ்சி. புள்ளியியல் படித்த யாரைக் கேட்டாலும் ராவ்–பிளாக்வெல் தேற்றம் என்றால் தெரியும் என்பார்கள். தேர்வுக்குக் கட்டாயம் வரும், பத்து மார்க் கேள்வி. ராவ் யார் என்பதும் தெரியும், கல்கத்தாவில் இருந்த சி. ஆர். ராவ், 1945இல் வெளியான அவருடைய புகழ்பெற்ற கட்டுரை, அதெல்லாம் வாத்தியார் பெருமையாகச் சொல்வார். சரி, பிளாக்வெல் யார்? நான் படித்த காலத்தில் அவரை ஏதோ கேம்பிரிட்ஜ் வெள்ளைக்காரர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன், வகுப்பில் யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. 2024இல் என்விடியா தன் புதிய சிப்புக்கு பிளாக்வெல் என்று பெயர் வைத்தபோதுதான் பலர் முதல்முறையாக அவர் புகைப்படத்தைப் பார்த்தார்கள். டேவிட் பிளாக்வெல் ஒரு கறுப்பர், இல்லினாய்ஸ் மாநிலத்தில் சென்ட்ரேலியா என்ற சின்ன ஊரில் ரயில்வே தொழிலாளிக்கு 1919இல் பிறந்தவர்.

அவர் கதையை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது 'ஏழைப் பையன் மேதையான கதை' ஆகிவிடும். அந்த மாதிரிக் கதைகள் நம்மிடம் நிறையவே இருக்கின்றன. நான் பார்க்க விரும்புவது வேறு. கணிதம் என்பது நிறம் பார்க்காத துறை என்று கணிதக்காரர்களே நம்புவார்கள்: நிரூபணம் சரியா தப்பா, அவ்வளவுதான், எழுதியவன் யாராக இருந்தால் என்ன? அந்த நம்பிக்கையில் உண்மையும் இருக்கிறது. நான் படித்த வரையில் அமெரிக்கக் கறுப்பினக் கணித அறிஞர்களுக்கு நடந்த அநியாயங்களில், 'உன் நிரூபணத்தை ஏற்கமாட்டோம்' என்று சொன்னது அபூர்வம். ஆனால் 'உன்னோடு உட்கார்ந்து சாப்பிடமாட்டோம்' என்று சொன்னது திரும்பத் திரும்ப வருகிறது. ஓட்டல் அறை, விருந்து, டீக்கடை, துறைத் தலைவர் வீட்டு இரவுச் சாப்பாடு. இது ஏதோ உபசாரக் குறை, கணிதத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். சம்பந்தம் நிறைய இருக்கிறது என்பதுதான் இந்த ஆய்வில் நான் காட்டப்போவது.

ஜப்பானுக்குப் போன ஆய்வேடு

தொடக்கம் 1925. கார்னெல் பல்கலைக்கழகத்தில் எல்பர்ட் காக்ஸ் பி.எச்டி. முடிக்கிறார். உலகத்திலேயே கணிதத்தில் அந்தப் பட்டம் பெற்ற முதல் கறுப்பர் அவர்தான். அவருடைய வழிகாட்டிக்கு ஒரு சந்தேகம், நாளைக்கு யாராவது 'இவர் பெற்றதெல்லாம் பட்டமா' என்று கிளப்பிவிட்டால்? வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றும் ஆய்வேட்டை ஏற்றுக்கொண்டால் பேச்சுக்கு இடமிருக்காது என்று யோசனை சொல்கிறார். இங்கிலாந்தில் மறுத்துவிட்டார்கள், ஜெர்மனியிலும் மறுத்துவிட்டார்கள், கடைசியில் ஜப்பானில் செண்டாய் நகரத்து டோஹோக்கு பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. கார்னெல் பட்டத்துக்கே இன்னொரு ஊரிலிருந்து சாட்சி வாங்க வேண்டியிருந்த நிலையை யோசித்துப் பாருங்கள். அப்புறம் காக்ஸ் வேலைக்குப் போன இடங்கள் இரண்டு, மேற்கு வர்ஜீனியாவிலும் பிறகு வாஷிங்டனில் ஹாவர்டு பல்கலைக்கழகத்திலும். இரண்டுமே கறுப்பினத்தவருக்கான கல்வி நிலையங்கள். ஆள் ஆளாக முதுகலை மாணவர்களை உருவாக்கினார், ஆனால் ஹாவர்டில் கணிதத்துக்கு பி.எச்டி. படிப்பு தொடங்கியபோது அவர் உயிரோடு இல்லை.

இதுதான் அந்தக் காலத்து ஏற்பாடு. கறுப்பர் எவ்வளவு பெரிய பட்டம் வாங்கினாலும் கறுப்பினக் கல்லூரிக்குத்தான் போக வேண்டும், அங்கே பாடம் நடத்தும் மணிக்கணக்கு தலைக்கு மேல் இருக்கும், ஆராய்ச்சி மாணவர் கிடையாது, அடுத்த அறையில் அதே கேள்வியை யோசிக்கும் இன்னொருவரும் கிடையாது.

கிளேட்டர்

இந்த ஏற்பாட்டில் அதிகம் நசுங்கியவர் என்று நான் நினைப்பது வில்லியம் கிளேட்டரை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1933இல் பி.எச்டி., கணிதத்தில் மூன்றாவது கறுப்பினப் பட்டதாரி. அவர் செய்த வேலையைப் புரிந்துகொள்ள ஒரு பழைய புதிர் போதும். மூன்று வீடுகள், ஒவ்வொன்றுக்கும் தண்ணீர், மின்சாரம், எரிவாயு மூன்றும் தனித்தனிக் கோடாகப் போக வேண்டும், கோடுகள் ஒன்றையொன்று வெட்டக்கூடாது. தாளில் எப்படி வரைந்தாலும் முடியாது. போலந்துக் கணிதர் குராட்டோவ்ஸ்கி, எந்த வலையமைப்புகளை வெட்டாமல் வரைய முடியும், எவற்றை முடியாது என்பதற்குத் துல்லியமான விடை சொன்னார். கிளேட்டர் அதைவிடச் சிக்கலான தொடர்ச்சியான உருவங்களுக்கு, எவற்றைக் கோளத்தின் மேற்பரப்பில் பதிக்க முடியும் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டார். 1934லும் 1937லும் இரண்டு கட்டுரைகள், இரண்டும் 'அன்னல்ஸ் ஆஃப் மேதமேட்டிக்ஸ்' இதழில். அந்த இதழில் ஒரு கட்டுரை வந்தால் இன்றைக்கும் ஒருவருடைய வாழ்க்கை மாறிவிடும்.

கிளேட்டருக்கு மாறவில்லை. மிச்சிகனில் உதவித்தொகையில் கொஞ்ச காலம் இருந்தார். அங்கே ரேமண்ட் வைல்டர் என்ற பேராசிரியர் அவரை நிரந்தர வேலைக்கு எடுக்கப் பாடுபட்டார், நிர்வாகம் பயந்தது, நடக்கவில்லை. பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்தில் ஓர் இடம் வந்தபோது அவரே வேண்டாம் என்றார், அங்கே இதுவரை கறுப்பர் யாரும் இருந்ததில்லை, நான் சோதனை எலியாக இருக்க விரும்பவில்லை என்பது அவர் சொன்னதாகப் பதிவாகியிருக்கும் காரணம். கணிதக் கூட்டங்களுக்குப் போனபோது மற்றவர்கள் தங்கிய ஓட்டலில் அவருக்கு அறை கிடைக்காது, ஊரில் ஏதாவது கறுப்பர் வீட்டில் படுத்துக்கொள்ள வேண்டும். பகலில் அவர் பேசுவதைக் கேட்டுத் தலையாட்டியவர்கள் ராத்திரி ஓட்டல் கூடத்தில் அதே விஷயத்தைப் பேசிக்கொண்டிருப்பார்கள், விஷயத்துக்குச் சொந்தக்காரர் மூன்று தெரு தள்ளி யார் வீட்டுத் திண்ணையிலோ உட்கார்ந்திருப்பார். இரண்டாவது கட்டுரைக்குப் பிறகு அவர் பெயரில் ஆராய்ச்சிக் கட்டுரை எதுவும் வரவில்லை.

ஒரு விசித்திரம். கிளேட்டரின் வழிகாட்டி ஜே. ஆர். கிளைன், டெக்ஸாஸின் ஆர். எல். மூர் என்ற பெரும் இடவியல் (டோபாலஜி) ஆசிரியரின் முதல் பி.எச்டி. மாணவர். குருபரம்பரைக் கணக்கில் கிளேட்டர் மூருக்குப் பேரன். அந்த மூர்தான் கடைசிவரை தன் வகுப்பில் கறுப்பின மாணவர்களைச் சேர்க்காதவர். அவரிடம் மறுபடி வருவோம்.

டீயும் மதியச் சாப்பாடும்

இப்போது பிளாக்வெல். பதினாறு வயதில் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார், ஆரம்பப் பள்ளி ஆசிரியராகும் எண்ணத்தோடு. அப்பா கடன் வாங்கிப் படிக்கவைக்கிறார் என்று தெரிந்ததும், இனி பணம் அனுப்பவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவியும் பரிமாறியும் செலவைப் பார்த்துக்கொண்டார். 1941இல் பி.எச்டி., வயது 22, அந்தப் பட்டம் பெற்ற ஏழாவது கறுப்பர். அதே ஆண்டு ரோசன்வால்ட் உதவித்தொகையில் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்துக்குப் போகிறார்.

அந்த நிறுவனமும் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகமும் தனித்தனி, ஆனால் நிறுவனத்துக்கு வருபவர்களைப் பல்கலைக்கழகம் கௌரவ ஆசிரியர்களாகச் சேர்த்துக்கொள்வது வழக்கம். ஒரு கறுப்பருக்கு அப்படிச் செய்வதா என்று பல்கலைக்கழகத் தலைவர் எதிர்த்தார், எங்கள் விருந்தோம்பலைத் தவறாகப் பயன்படுத்துகிறீர்கள் என்ற தொனியில் நிறுவனத்துக்குக் கடிதமே போனது. விருந்தோம்பல்! கவனியுங்கள், பிளாக்வெலுக்குக் கணிதம் தெரியாது என்று அங்கேயும் யாரும் சொல்லவில்லை. இந்தச் சண்டை நடந்ததே பிளாக்வெலுக்குப் பல காலம் கழித்துத்தான் தெரியும்.

ஆனால் நிறுவனத்துக்குள் ஒரு டீ அறை இருந்தது. தினமும் பிற்பகலில் எல்லோரும் அங்கே கூடுவார்கள், அது அந்த இடத்தின் சம்பிரதாயம். ஜான் ஃபான் நாய்மான், அதாவது அந்தக் காலத்தின் மிகப் பெரிய தலை, வந்த புதிதில் பிளாக்வெலிடம் 'உன் ஆய்வேட்டைப் பற்றி எனக்கு வந்து சொல்' என்றார். பிளாக்வெல் அதைச் சும்மா மரியாதைக்குச் சொன்னது என்று விட்டுவிட்டார். பல மாதம் கழித்து டீ அறையில் மறுபடி பார்த்தபோது, எப்போது வருகிறாய், செயலாளரிடம் நேரம் வாங்கிக்கொள் என்று ஃபான் நாய்மான் கேட்டார். போனார், பத்து நிமிடம் கேட்டுவிட்டு ஃபான் நாய்மான் அதே விஷயத்தை இன்னும் எளிதாக நிரூபிக்கும் வழிகளைக் காட்ட ஆரம்பித்துவிட்டாராம். இந்தச் சம்பவத்தைப் படித்தபோது எனக்கு முதலில் பட்டது, அந்த டீ அறைக்குள் நிற்க அவருக்கு இடமிருந்ததால்தானே இது நடந்தது என்பதுதான்.

அடுத்து வேலை தேடும் படலம். பெர்க்கிலியில் புள்ளியியல் அறிஞர் ஜெர்ஸி நேமன் இவரை எடுக்க விரும்பினார், பேசிப் பார்த்துவிட்டு மிகவும் திருப்தி. வேலை கிடைக்கவில்லை. காரணம் பிற்பாடு நேமன் வழியாக வெளிவந்தது. துறைத் தலைவர் வீட்டில் ஆசிரியர்களை விருந்துக்கு அழைப்பது வழக்கம், தலைவரின் மனைவி டெக்ஸாஸ் பக்கத்துக்காரர், கறுப்பன் ஒருவனை என் வீட்டில் உட்காரவைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அந்தம்மா பயன்படுத்திய சொல் இதைவிடக் கேவலமானது, நான் எழுதவில்லை. ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேசை, பெர்க்கிலி கணிதத் துறையின் நியமனக் குழுவை விட அதிகாரம் உள்ளதாக இருந்திருக்கிறது. பந்தி என்றால் என்ன, யார் எங்கே உட்காரலாம் என்பதற்கு என்ன பொருள் என்று நமக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பிளாக்வெல் தானாக வெள்ளையர் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கவே இல்லை. நாட்டில் இருந்த 105 கறுப்பினக் கல்லூரிகளுக்கும் கடிதம் எழுதினார், மூன்று இடங்களிலிருந்து வேலை வந்தது, ஒன்றில் சேர்ந்தார். இரண்டு ஆண்டுகளில் இரண்டு கல்லூரி மாறி 1944இல் ஹாவர்டு வந்து சேர்ந்தார். இதை அவர் புகாராகச் சொன்னதில்லை. உலகம் அப்படி இருந்தது, தனக்கு அதற்கு மேல் எதிர்பார்ப்பு இல்லை என்ற மாதிரிதான் பேட்டிகளில் பேசுவார். இந்தப் பேட்டிகளை வைத்து 'அவருக்கே வருத்தமில்லை, உங்களுக்கு என்ன' என்று கேட்பவர்கள் உண்டு. எதிர்பார்ப்பே எழாமல் போவதும் ஓர் இழப்புதான் என்பது என் பதில்.

சரி, இந்தக் கட்டத்தில் பிளாக்வெல் புள்ளியியல்காரர் இல்லை. ஹாவர்டில் இருந்தபடியே 1945 வாக்கில் வாஷிங்டனில் ஒரு கூட்டத்துக்குப் போகிறார், அங்கே ஏப் கிர்ஷிக் என்பவர் தொடர் மாதிரியெடுப்பு பற்றி, அதாவது எத்தனை மாதிரி என்று முன்பே முடிவு செய்யாமல் தரவு வர வரப் பார்த்து நிறுத்தும் முறை பற்றி, பேசுகிறார். அவர் சொன்ன ஒரு கூற்றை பிளாக்வெல் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து அதற்கு எதிர் உதாரணம் ஒன்றைக் கண்டுபிடித்ததாக நினைத்துத் தபாலில் அனுப்புகிறார். எதிர் உதாரணம் தப்பு. தப்பான கடிதத்தை அனுப்பிய, முன்பின் தெரியாத ஒரு கறுப்பின ஆசிரியரை கிர்ஷிக் ஏதோ கிறுக்கு என்று ஒதுக்கியிருக்கலாம். அவர் தொலைபேசியில் கூப்பிட்டு மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தார். அங்கே ஆரம்பித்த நட்பு 1954இல் இருவரும் சேர்ந்து எழுதிய, ஆட்டக் கோட்பாடும் புள்ளியியல் முடிவுகளும் பற்றிய பெரிய நூல் வரை போனது. அந்தச் சாப்பாட்டுக்கு இரண்டு வருடம் கழித்து, 1947இல், நாம் பத்து மார்க்குக்கு எழுதிய தேற்றம் வந்தது. ஒரு சுமாரான மதிப்பீடு கையில் இருக்கிறது, தரவில் நமக்கு வேண்டிய தகவலை முழுக்க அடக்கிய ஒரு போதுமான அளவையும் இருக்கிறது. அந்த அளவை தெரிந்த நிலையில் பழைய மதிப்பீட்டின் சராசரியை எடுத்தால், புதியது பழையதைவிட ஒருபோதும் மோசமாகாது, பெரும்பாலும் மேலாகும். ராவ் கல்கத்தாவிலும் பிளாக்வெல் வாஷிங்டனிலும் ஒருவரை ஒருவர் அறியாமல் கண்டது. காலனி நாட்டில் ஒருவர், சொந்த நாட்டிலேயே தனிப் பள்ளிகளுக்கு ஒதுக்கப்பட்டவர் ஒருவர். இதற்கு மேல் அந்த ஒற்றுமையை இழுக்க நான் விரும்பவில்லை, ஆனால் பாடப்புத்தகத்தில் அடிக்குறிப்பாகவாவது இது வந்திருக்கலாம்.

முதலில் மறுத்த பெர்க்கிலிக்கே பிளாக்வெல் 1954இல் வருகைப் பேராசிரியராகப் போனார். நேமன் தனியாகப் புள்ளியியல் துறை தொடங்கியதும் அங்கே நிரந்தரப் பேராசிரியர், பிறகு துறைத் தலைவர். 1965இல் தேசிய அறிவியல் கழகத்துக்குத் தேர்வான முதல் கறுப்பர். ஓய்வு பெற்றது 1988இல், இறந்தது 2010இல். இன்று அங்கே ஒரு மாணவர் விடுதி அவர் பெயரில் இருக்கிறது.

'நல்ல கறுப்பினத் தம்பதி'

எர்னஸ்ட் வில்கின்ஸ் விஷயம் சின்னது, ஆனால் தவிர்க்க முடியாதது. பதின்மூன்று வயதில் சிகாகோ பல்கலைக்கழகம், பத்தொன்பது வயதில் 1942இல் பி.எச்டி. அணுகுண்டுத் திட்டத்தின் சிகாகோ ஆய்வகத்தில் வேலை. அவர் குழுவை 1944இல் டென்னிசியில் உள்ள ஓக் ரிட்ஜுக்கு மாற்றினார்கள். அங்கே இனப் பாகுபாடு நடைமுறையில் இருந்ததால் வில்கின்ஸைக் கூட்டிப்போக முடியாது, திறமைசாலி, நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்று எட்வர்ட் டெல்லர் இன்னொரு பெரிய விஞ்ஞானிக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதினார். அணுவைப் பிளக்கும் கணக்கு அவர் போடலாம், அந்தக் கணக்கு போகிற ஊருக்கு அவர் போகக்கூடாது.

மூன்று வருடம் கழித்து அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டம் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில். வில்கின்ஸ் வருகிறேன் என்று எழுதினார். தாராளமாக வாருங்கள், நீங்கள் தங்கவும் சாப்பிடவும் ஒரு நல்ல கறுப்பினத் தம்பதியின் வீட்டைப் பார்த்து வைத்திருக்கிறோம் என்று பதில் வந்தது. பதில் எழுதியவருக்கு அது அன்பான ஏற்பாடு என்றே தோன்றியிருக்கும், அதுதான் இதில் என்னை உறுத்துவது. வில்கின்ஸ் போகவில்லை. அதற்குப் பிறகு தென்கிழக்கில் நடந்த எந்தக் கழகக் கூட்டத்துக்கும் அவர் போகவில்லை.

நாஷ்வில், 1951

எல்லாவற்றையும் விடத் தெளிவான சாட்சி இந்த நிகழ்ச்சி. டென்னிசி மாநிலத்தில் நாஷ்வில் நகரம், அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் (மேலே வந்த கணிதக் கழகம் வேறு, இது வேறு) தென்கிழக்குப் பிரிவுக் கூட்டம். அதே ஊரில் ஃபிஸ்க் என்ற கறுப்பினப் பல்கலைக்கழகம், அதன் கணிதத் துறைத் தலைவர் லீ லார்ச், அவர் வெள்ளையர், நியூயார்க் யூதர். அவரோடு மூன்று கறுப்பின ஆசிரியர்கள் கூட்டத்துக்குப் போனார்கள், அதில் ஒருவர் எவலின் பாய்ட், 1949இல் யேல் பல்கலைக்கழகத்தில் பி.எச்டி. பெற்றவர், கணிதத்தில் அந்தப் பட்டம் பெற்ற இரண்டாவது கறுப்பினப் பெண். அறிவியல் அமர்வுகளில் யாரும் தடுக்கவில்லை. ஆனால் விருந்துக்கு முன்பதிவு செய்திருந்த இடங்களை அவர்களுக்குத் தரமுடியாது என்று ஏற்பாட்டாளர்கள் சொல்லிவிட்டார்கள். உரைகள் கேட்கலாம், கை தட்டலாம், சோறு கிடையாது.

லார்ச்சும் சக ஆசிரியர்களும் சும்மா இருக்கவில்லை. சங்கங்களுக்குக் கடிதம் எழுதினார்கள், பாகுபாடு கூடாது என்று விதிகளிலேயே எழுதுங்கள் என்று கேட்டார்கள், அந்தக் கடிதம் 'சயின்ஸ்' இதழில் 1951 ஆகஸ்டில் அச்சானது. ஒன்பது வருடம் கழித்து, 1960இல், தென் கரோலினாவில் அதே பிரிவின் கூட்டத்தில் அட்லாண்டா பல்கலைக்கழகத்து ஆசிரியர்களும் மாணவர்களும் மறுபடி அதே மாதிரி நடத்தப்பட்டுப் பாதியிலேயே வெளியேறினார்கள் என்பதை வைத்து, அந்தக் கடிதம் எந்த அளவுக்கு வேலை செய்தது என்று நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

லார்ச்சைப் பற்றி இரண்டு வரி எழுதாமல் தாண்ட முடியாது. நியூயார்க்கில் கறுப்பருக்கு வாடகைக்கு விடாத குடியிருப்பு ஒன்றில் தன் வீட்டைக் கறுப்பினக் குடும்பத்துக்குக் கொடுத்ததற்காக வேலை போனது, ஃபிஸ்கில் கம்யூனிஸ்ட் வேட்டையில் வேலை போனது, அர்க்கன்ஸாவில் போனது, கடைசியில் கனடாவுக்குப் போய்த்தான் நிம்மதி. ஆனால் ஃபிஸ்கில் இருந்த ஐந்தே வருடத்தில் அவர் கையில் படித்த மூன்று கறுப்பின மாணவிகள் பின்னாளில் கணிதத்தில் பி.எச்டி. வாங்கினார்கள். அதில் ஒருவரான குளோரியா ஹியூவிட், விண்ணப்பமே போடாமல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துத் திகைத்தார், சிபாரிசு எழுதியது லார்ச். ஒரு ஆள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றால் எத்தனை பேர் உள்ளே போகமுடிகிறது பாருங்கள். கதவைப் பிடித்தவர் கதியும் மேலே இருக்கிறது.

காபிக் கடைக்கு வெளியே

லார்ச்சிடம் படித்த அந்த மூன்று மாணவிகளில் இன்னொருவர் விவியன் மலோன்-மேய்ஸ். எனக்கு இந்த முழு வரலாற்றிலும் மறக்க முடியாதவர் இவர்தான்.

சொந்த ஊர் டெக்ஸாஸில் வேகோ. அதே ஊரில் உள்ள பெய்லர் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு 1961இல் விண்ணப்பித்தார், கறுப்பர்களைச் சேர்ப்பதில்லை என்று மறுத்தார்கள். ஆஸ்டினில் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அது 1950இலேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பணிந்து மேற்படிப்பைத் திறந்திருந்தது, சட்டப்படி தடையில்லை. முதல் வகுப்பில் கறுப்பர் அவர் ஒருவர், பெண் அவர் ஒருவர். சக மாணவர்கள் பேசுவதே இல்லை, அருகில் போனால் பேச்சு நின்றுவிடும். மற்ற ஆராய்ச்சி மாணவர்களுக்குக் கிடைத்த உதவி ஆசிரியர் வேலை அவருக்குக் கிடையாது. மூர் தன் வகுப்பில் சேர்த்துக்கொள்ளவில்லை. ஒரு துறையின் புகழ்பெற்ற வகுப்பு மூடியிருந்தால் மற்ற வகுப்புகளில் படித்துக்கொள்ளலாம்தானே? படித்துக்கொண்டார்.

ஆனால் அங்கே ஒரு காபிக் கடை இருந்தது, ஹில்ஸ்பெர்க்ஸ் என்று பெயர். அவருடைய வழிகாட்டியும் சக மாணவர்களும் அங்கே உட்கார்ந்துதான் கணிதம் பேசுவார்கள். அந்தக் கடையில் கறுப்பர்களுக்குப் பரிமாற மாட்டார்கள். அதை எதிர்த்து மாணவர்கள் கடை வாசலில் மறியல் செய்தார்கள், மலோன்-மேய்ஸும் அந்த வரிசையில் நின்றார். அவருடைய கூட்டாளிகள் மறியல் வரிசையைத் தாண்டி உள்ளே போகும்போது, அவர்கள் பேசிக்கொண்டுபோன கணிதத்தின் துண்டு துணுக்குகள் சிலசமயம் தன் காதில் விழும் என்று அவர் பிற்காலத்தில் எழுதினார். தன் கணிதத் தனிமை முழுமையானது என்றும் எழுதினார்.

கணிதத்தில் அச்சில் வருவது கடைசிக் கட்டம். எந்தக் கேள்வி இப்போது சூடாக இருக்கிறது, எந்த வழியில் யார் போய் முட்டிக்கொண்டார், எந்த லெம்மா (துணைத் தேற்றம்) உண்மையில் தேவையே இல்லை, யாரிடம் வேலை காலியாக இருக்கிறது, இவையெல்லாம் கட்டுரை வெளிவருவதற்கு ஒன்றிரண்டு வருடம் முன்னாலேயே வாய்வழியாகப் பரவிவிடும். கரும்பலகையும் காபியும் இருக்கும் இடத்தில்தான் பரவும். பரிந்துரைக் கடிதத்தில் எழுத ஒருவரைப் பற்றி ஏதாவது தெரிந்திருக்க வேண்டும், அது தெரிவதும் அங்கேதான். ஆகவே ஒருவருடைய கட்டுரையை ஏற்றுக்கொண்டு, அவரை மேசையிலிருந்து மட்டும் விலக்கி வைத்தால், அவர் எப்போதும் இரண்டு வருடம் பின்தங்கிய கணிதத்தைத்தான் செய்துகொண்டிருப்பார். பிறகு அவர் ஏன் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை என்று மற்றவர்கள் கேட்பார்கள். கிளேட்டரைப் பற்றி அப்படிக் கேட்டவர்கள் இருந்திருப்பார்கள்.

மலோன்-மேய்ஸ் 1966இல் பட்டம் வாங்கினார். அதே ஆண்டு அவரை ஆசிரியராக எடுத்தது எந்தப் பல்கலைக்கழகம் தெரியுமா? ஐந்து வருடம் முன்னால் மாணவியாகச் சேர்க்க மறுத்த பெய்லர். அதன் முதல் முழுநேரக் கறுப்பின ஆசிரியர் அவர். 1971இல் மாணவர் மன்றம் அவரைச் சிறந்த ஆசிரியராகத் தேர்ந்தெடுத்தது. இப்போது அங்கே அவருக்கு மார்பளவுச் சிலை இருக்கிறது. மூர் பெயரில் ஆஸ்டினில் ஒரு பெரிய கட்டடம் இருந்தது, கணிதத் துறையே அதில்தான் இயங்கியது. 2020இல் பெயரை எடுத்துவிட்டார்கள்.

இப்போது

ஓட்டல்கள் திறந்துவிட்டன, காபிக் கடைகள் திறந்துவிட்டன. கறுப்பினக் கணிதர்கள் 1969இல் தங்களுக்கென்று தேசியக் கணிதர் சங்கம் தொடங்கினார்கள். அமெரிக்கக் கணிதக் கழகம் தன் பழைய நடத்தையை ஆராய ஒரு குழு போட்டு 2021இல் அறிக்கை வெளியிட்டது. அப்படியானால் முடிந்ததா?

எட்ரே கோயின்ஸ், கால்டெக்கிலும் ஸ்டான்ஃபோர்டிலும் படித்தவர், எண் கோட்பாட்டுக்காரர், பர்டூ பல்கலைக்கழகத்தில் நிரந்தரப் பேராசிரியர். 2018இல் அதை விட்டுவிட்டு கலிஃபோர்னியாவில் இளங்கலை மட்டுமே உள்ள பொமோனா கல்லூரிக்குப் போனார். ஆராய்ச்சிப் பல்கலைக்கழக வேலையைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் சாதாரணமாக அப்படிப் போவதில்லை, அதனால் ஏன் என்று அவரே எழுதினார். படித்த, வேலை பார்த்த பெரும்பாலான இடங்களில் கணிதத் துறையின் ஒரே கறுப்பர் தான்தான், தனிமை என்று சொன்னால் அது குறைத்துச் சொல்வதாக இருக்கும் என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டு நியூயார்க் டைம்ஸ் கணக்கெடுத்துப் பார்த்தது: நாட்டின் முதல் 50 கணிதத் துறைகளில் கிட்டத்தட்ட 2,000 நிரந்தரப் பேராசிரியர்கள், அதில் கறுப்பர்கள் ஒரு டஜன் பேர் இருக்கலாம்.

இதற்கு வழக்கமாக வரும் பதில், வருபவர்களே குறைவு, பள்ளியிலேயே குறைகிறார்கள், நாங்கள் என்ன செய்வது என்பது. பாதி உண்மை. உள்ளே வந்து, எல்லாப் படியும் ஏறி, நிரந்தர வேலையும் வாங்கியவர் எழுந்து போவதை அந்தப் பதில் விளக்காது. கோயின்ஸுக்கு யாரும் சோறு மறுக்கவில்லை. மேசையில் இடம் இருக்கிறது, உட்கார்ந்தபின் பக்கத்து நாற்காலிக்காரர் யாரிடம் பேசுகிறார் என்பது எந்த விதியிலும் எழுதமுடியாத விஷயம். 1951இல் விதியில் ஒரு வரி கேட்டார்கள், அதற்குப் பொருள் இருந்தது. இன்றைக்கு என்ன வரி கேட்பது என்று எனக்கு விளங்கவில்லை.

கிளேட்டர் கடைசியில் ஹாவர்டுக்கு வந்து சேர்ந்தார், 1947இல். பிற்காலத்தில் கணிதக் கூட்டங்களில் நிறத்தடை தளர்ந்தது, ஓட்டல்களில் அறை கிடைத்தது, விருந்துகளில் இடம் கிடைத்தது. நண்பர்கள் அவரைக் கூட்டங்களுக்கு வரச்சொல்லி எவ்வளவோ கூப்பிட்டார்கள். அவர் வரவில்லை. 1965இல் ஓய்வு பெற்றார், 1967இல் இறந்தார். அவர் பெயரில் தேசியக் கணிதர் சங்கம் இப்போது ஆண்டுதோறும் ஒரு உரை நடத்துகிறது.